சுலோச்சனா பட்டறைப் புலி

ஊஞ்சப்பாளையத்துல ஒரு லாரிப் புலியப் பார்த்து இன்னொரு லாரியில அப்படியே வரைஞ்சா ரெண்டு புலி ஆவாது. புலி ஒண்ணுதான். அதுதான் ரெண்டு லாரிக்கும் மாத்தி மாத்திப் போய் நிக்கும்.

அந்த ஊர்ல பைபாஸ் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் லாரிக்குப் பாடி கட்டற பட்டறைங்கதான். பாடி கட்டி முடிச்சதும் பெயிண்டர் வந்து பின்பலகையில ஏதாச்சும் வரைவார். கழுகு, சிங்கம், மயிலு, வண்டிக்காரருக்கு எது மேல ஆசையோ அது. ஒடம்பு, காலு, வாலெல்லாம் வரைஞ்சு காயவிட்டு, கடைசியாத்தான் கண்ணுக்குக் கருப்பு வெப்பாங்க. அதுக்குப் பேரு கண் திறக்கறது. கண்ணத் திறந்ததும் அந்தப் பிராணி வந்து படத்துக்குள்ள நின்னுக்கும். பெயிண்டர் சொந்தமா நெனச்சு வரைஞ்சிருந்தா புதுசா ஒண்ணு வரும். எங்கிருந்து வருதுன்னு யாரும் கேக்கறதில்ல. வீட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்ட எந்த பஸ்ல வந்தீங்கன்னு கேக்கலாம், எதுக்கு வந்தீங்கன்னு கேக்கப்படாது. அடுத்தவங்க வரைஞ்சதப் பார்த்து வரைஞ்சிருந்தா, அடுத்தவங்களோடதே கெளம்பி வரும். அது முன்ன நின்ன எடத்துல அதே உருவத்துக்கு ஓட்டை விழுந்துரும். வரைஞ்ச கோடும் கண்ணும் மட்டும் அந்தரத்துல தொங்கும்.

ரங்கப்பன்னு ஒரு பெயிண்டரோட கழுகு எடுப்பா இருக்கும். ஊரே அதை வரைஞ்சுது. கழுகும் வஞ்சனையில்லாம எல்லா வண்டிக்கும் பறந்துது. பறந்து பறந்து எளைச்சு மொதல்ல பருந்தாச்சு, அப்பறம் காக்கா ஆச்சு, இப்ப ஒரு பன்னு வேன்ல சிட்டுக்குருவியா இருக்குது. ரங்கப்பன் சாயங்காலமானா அந்த வேன் நிக்கற பேக்கரிக்குப் போயி, அதைப் பார்த்துட்டு ஒரு பன்னும் தின்னுட்டு வருவார்.

அதுக்காக ஒருத்தர ஒருத்தர் பாக்காம வரைய முடியுமா? பக்கத்து வீட்டுல ஒரு கொத்து கருவேப்பில கேக்காம யாரு கொழம்பு தாளிச்சாங்க? அதனால ஊர்ல ஒரு பேச்சு உண்டு. உதிர்ந்தத எடுத்துக்கலாம், புடுங்கப்படாது. எது உதிர்ந்தது, எது புடுங்குனதுங்கறது கண் திறக்கறப்பத் தெரிஞ்சுரும்.

அர்த்தநாரி பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் படிக்கப் போனவன். மின்சாரத்துக்கும் அவனுக்கும் ஆவாதுங்கறது கொஞ்ச நாள்லயே ரெண்டு பேருக்கும் தெளிவாயிருச்சு. வெளிய வந்து ரெண்டு மூணு பட்டறையில பிரஷ் புடிச்சான். எந்தப் பட்டறையிலயும் ஒரு தீபாவளியத் தாண்டல. கை நல்லாத்தான் ஓடும், ஆனா வாய் அதுக்கு முன்னாலயே ஓடிப்போயி மொதலாளிகிட்ட ஏதாச்சும் சொல்லிட்டு நிக்கும். கடைசியா அவனே பைபாஸ்ல ஒரு தகரக் கொட்டாயப் புடிச்சு 'அர்த்தநாரி ஆர்ட்ஸ்'னு போர்டு எழுதி மாட்டினான்.

அவன் தாய்மாமன் கோழிப்பண்ணை வெச்சிருக்கறவர். போர்டப் பார்த்துட்டு, "பெயிண்டு காயறதுக்குள்ள என்ற பண்ணைக்கு முட்டை அடுக்க வந்துருவ மாப்ள"ன்னார். சொன்னதோட நிக்காம அவனுக்குன்னு ஒரு முக்காலிய வாங்கித் தொடச்சு வெச்சுட்டார். அந்த முக்காலிய நெனச்சாலே அர்த்தநாரிக்கு இடுப்பு வலிக்கும்.

மொத வேலை செங்கோடண்ணன்கிட்ட இருந்து வந்துது. செங்கோடண்ணன் போர் வண்டிக்காரர். ஊரு ஊராப் போயி மண்ணத் தொளைச்சுத் தண்ணி எடுக்கறவர். புது வண்டி ஒண்ணு எறக்கியிருந்தார். வெள்ளிக்கெழம பூஜை, பூஜை முடிஞ்ச கையோட வண்டி ஒடிசாவுக்குக் கெளம்புது.

"தம்பி, பின்தகட்டுல புலி வேணும்."

"போட்டுறலாங்ணா. பாயற புலிங்களா, மொறைக்கற புலிங்களா?"

"சுலோச்சனா பட்டறைப் புலி."

"அது மாதிரிங்களா?"

"மாதிரி எனக்கெதுக்கு? அதேதான்."

"அப்ப அந்தக்காகிட்டயே..."

"கேட்டேன். ஒருக்கா வரைஞ்சத மறுக்கா வரைய மாட்டேங்குது அந்தம்மா. நீ வரைவியா, இல்ல வாயிலதான் வரைவியா?"

"வெள்ளிக்கெழம பாருங்ணா. உங்க வண்டியப் பார்த்துட்டுப் பின்னால வர்ற வண்டியெல்லாம் ரிவர்ஸ்ல போகும்."

பூஜையன்னிக்குப் பின்தகடு ஓட்டையா இருந்துதுன்னா, அந்தப் பெயிண்டருக்கு அப்பறம் ஊஞ்சப்பாளையத்துல சைக்கிள் மட்கார்டுகூடக் குடுக்க மாட்டாங்க. இது அர்த்தநாரிக்கும் தெரியும், அவன் மாமனுக்கும் தெரியும், அந்த முக்காலிக்கும் தெரியும்.

சுலோச்சனா பட்டறைப் புலி ஒரு தேங்கா லாரியில இருக்குது. மத்த புலிங்களாட்டப் பாயாது, கத்தாது. சும்மா முன்னங்கால் மேல தாடைய வெச்சு உக்காந்திருக்கும். ஒரு காது கொஞ்சம் தொங்கும். பார்வைதான் விசேசம். கல்யாண வீட்டுல மொதப் பந்தியில எடம் கெடைக்காம, ரெண்டாம் பந்திக்கு அடுத்தவன் நாற்காலிக்குப் பின்னால நிக்கறவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. அந்த லாரிக்குப் பின்னால வர்ற டிரைவருங்க எல்லாம், ஏதோ இலையில நாமதான் ரொம்ப நேரமா உக்காந்திருக்கறோம்னு நெனச்சு, தானா வேகத்தக் கொறைச்சுக்குவாங்க.

தேங்கா லாரி லோடு ஏத்தப் போறதுக்கு முன்னால டீக்கடையில நின்னப்ப, அர்த்தநாரி பட்டர் பேப்பரப் பின்பலகை மேல வெச்சு கோட்டுக்குக் கோடு எடுத்துட்டான். புலி அவனைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்துது. கொட்டாய்க்கு வந்து பேப்பரத் திருப்பிப் போட்டு வரைஞ்சான். எடது பக்கம் பார்த்த புலி வலது பக்கம் பார்த்துது. வலது காதுக்குப் பதிலா எடது காது தொங்குச்சு.

"இது வேற புலி"ன்னு பிரஷ்கிட்டச் சொன்னான். பிரஷ் பதில் பேசாததுனால அதுக்கும் சம்மதம்னு எடுத்துக்கிட்டான்.

புதன்கெழம காலையில கண்ணத் திறந்தான். கொஞ்ச நேரத்துல பைபாஸ் ரோட்டுல, எடது ஓரமா, மூச்சு வாங்க ஓடியாந்துது சுலோச்சனா பட்டறைப் புலி. தகட்டுக்குள்ள ஏறுச்சு. பழக்கத்துல எடது பக்கம் பார்த்து உக்காந்துது. கோடு வலது பக்கம் இருந்துதா, முக்கி முனகித் தலையத் திருப்புச்சு. கழுத்துல சடக்குன்னு ஒரு சத்தம். தொங்கற காத நிமித்தி, நிமிந்த காதத் தொங்கப் போட்டுக்கிச்சு. அப்பறம் அவனை ஒரு பார்வை பார்த்துது. கோணக் கழுத்தோட பார்த்ததுல பந்தியே இல்லைன்னு சொல்லிட்ட மாதிரி இருந்துது.

அந்த நேரத்துக்குத் தேங்கா லாரி கர்நூலத் தாண்டிப் போயிக்கிட்டு இருந்துது.

அர்த்தநாரி டீயக் குடிச்சு முடிக்கல, சுலோச்சனாக்கா மொபெட்ல வந்து நின்னுது. காதுல போன். சேலை முந்தானையில பச்சை பெயிண்டு. வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு போன ஸ்பீக்கர்ல வெச்சுது.

"நாச்சிமுத்து, இப்பச் சொல்லு. தம்பியும் கேக்கட்டும்."

தேங்கா லாரி டிரைவர் நாச்சிமுத்து ரோட்டோரத்துல நின்னு பேசினார். "புலி எறங்கிப் போயிருச்சுங்க்கா. பலகையில புலியளவுக்கு ஓட்டை. வால் ஓட்டை வழியா ஒண்ணொண்ணா விழுந்துட்டிருந்த தேங்கா, இப்ப வயித்து வழியா கொடகொடன்னு கொட்டுதுங். பின்னால வர்றவங்க ஏதோ சாமிக்குச் சூறைத் தேங்கா ஒடைக்கறோம்னு வண்டிய நிறுத்தி பொறுக்கறாங்க. ஒருத்தர் எனக்கு விபூதி வெச்சுட்டுப் போறாருங்."

"தார்ப்பாய் கட்டு. நான் பேசறேன்." சுலோச்சனாக்கா போன இடுப்புல சொருகிட்டுத் தகட்டப் பார்த்துது. "ஏந்தம்பி, இதென்ன என்ற புலியா?"

"உங்க புலி எடது பக்கம் பாக்குமுங்க்கா. இது வலது பக்கம் பாக்குது."

"உன்ற சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வந்தா உங்கம்மா உனக்குச் சோறு போடாதா?"

"போடுங்க்கா."

"அப்பறம்?"

அர்த்தநாரி சட்டைக் காலரத் தொட்டுப் பார்த்துக்கிட்டான். சுலோச்சனாக்கா மொபெட் பொட்டியில இருந்து தைலத்த எடுத்து, தகட்டுக்குள்ள கையவிட்டு புலியோட கழுத்துல தேய்ச்சுது. தேய்ச்சு முடிச்சதும் புலி எந்திரிச்சு, எறங்கி, வந்த வழியே கர்நூலுக்கு ஓடுச்சு. போர் வண்டித் தகட்டுல புலி உருவத்துல ஓட்டை விழுந்து, உள்ள இருந்த கம்ப்ரசரு, பெல்ட்டு, ஆயில் ட்யூபு எல்லாம் பந்தி வெக்கறதுக்கு முன்ன சமையக்கட்டு தெரியறாப்பல தெரிஞ்சுது.

"கண்ண அழிச்சிரு தம்பி. ஓட்டை மூடிக்கும்."

"வெள்ளிக்கெழம பூஜைங்க்கா. வெறுந்தகட்ட வெச்சுட்டு நான் என்ன, தகட்டுக்குக் கற்பூரம் காட்டறதுங்களா? இருங்க, மாத்தறேன். கொஞ்சம் மாத்துனா என்றது ஆயிரும்."

"மாத்து." சுலோச்சனாக்கா ஒரு பெயிண்டு டின்னக் கவுத்துப் போட்டு உக்காந்துது. "எனக்கும் இன்னிக்குச் சோலியில்ல."

மொதல்ல அவன் கண்ண அழிச்சு, மூடிக்கிட்ட தகட்டுல புலிக்கு நீலம் அடிச்சான். அடிச்சுக் கண்ணத் திரும்ப வெச்சதும் புலி கர்நூல்ல இருந்து நீலமா ஓடியாந்துது. திரும்பி அங்க போனப்பவும் நீலமாவே போச்சு. "அக்கா, புலி நீலமா இருக்குதுங். சளி புடிச்சிருக்குமோ?"ன்னு நாச்சிமுத்து போன் பண்ணார்.

அடுத்து மீசைய முறுக்கி விட்டான். புலி மீசைய முறுக்கிட்டு வந்துது.

கூலிங் கிளாஸ் போட்டுவிட்டான். புலி கூலிங் கிளாசோட வந்துது. ஓடற ஓட்டத்துல மூக்குல எறங்கின கண்ணாடிய முன்னங்காலால ஏத்திவிட்டுக்கிட்டு, தகட்டுல உக்காந்து, சடக்குன்னு கழுத்தத் திருப்பிக்கிச்சு. கர்நூலுக்கும் ஊஞ்சப்பாளையத்துக்கும் போக வர ஓடுனதுல அதுக்கு எலும்பு தெரிய ஆரம்பிச்சுது. வரி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கிப் போச்சு.

"அக்கா, டோல்கேட்டுல நம்ம புலியப் பார்த்து சல்யூட் அடிக்கறாங்க. ஏதோ பெரிய ஆளோட வண்டின்னு நெனச்சுட்டாங்கங்"ன்னார் நாச்சிமுத்து.

"தேங்கா?"

"புலி இல்லாதப்ப கொட்டுது, வந்தா நிக்குதுங். பாதி லோடு சாமிக்குப் போயிருச்சுங்க்கா."

அர்த்தநாரி பிரஷ்ஷத் தின்னர்ல போட்டான். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. நீங்க மட்டும் காட்டுக்குப் போயி புலிகிட்டப் பேசி வெச்சுட்டா வரைஞ்சீங்க? நீங்களும் எங்கியோ பார்த்துத்தானுங்களே?"

"பார்த்துத்தான். யாரு இல்லைன்னா?"

"எங்க பார்த்தீங்க?"

"ஒடம்பு பூனையப் பார்த்தது. எங்கூட்டுப் பூனை அப்படித்தான் தாடைய வெச்சுப் படுக்கும். பார்வை என்ற கொழுந்தனாரோடது."

"கொழுந்தனாரா?"

"ஆமா. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவருக்கு மொதப் பந்தியில எடம் கெடைக்காது. கை கழுவிட்டு வந்து நிப்பார், அதுக்குள்ள எவனாச்சும் உக்காந்திருப்பான். அப்ப ஒரு பார்வை பார்ப்பார். வருசக்கணக்கா அதைப் பார்த்துப் பார்த்து, ஒருநா புலிக்கு வெச்சேன்."

"வெச்சா? கண்ணத் திறந்ததும் கொழுந்தனார் வந்து பலகையில உக்காந்துட்டாரா?"

"அவரு எதுக்கு வர்றார்? அன்னிக்குக் கண்ணத் திறக்கறப்ப அவரு ஒரு காதுகுத்துல இருந்தார். அந்தப் பார்வை அவர் மூஞ்சியில இருந்து உதிர்ந்து போச்சு, அவ்வளவுதான். அதுல இருந்து எந்த விசேசத்துக்குப் போனாலும் மொதப் பந்தியில மொத எலை அவருக்குத்தான். இப்ப வயித்தப் பார்க்கோணுமே நீயி."

அர்த்தநாரி தின்னர்ல கெடந்த பிரஷ்ஷ எடுத்துத் தொடச்சு, மறுக்கா தின்னர்லயே போட்டான்.

அந்தச் சமயத்துல புலி திரும்ப வந்துது. தகட்டுக்கு ஏறத் தெம்பில்லாம வண்டிக்கு அடியில நெழல்ல சாஞ்சு, கூலிங் கிளாசக் கழட்டிப் பக்கத்துல வெச்சுட்டுத் தூங்கிருச்சு. சுலோச்சனாக்கா பக்கெட்டுல தண்ணி கொண்டாந்து வெச்சுது. தகரம் சூடேறி டப்டப்புன்னு அடிச்சுக்கிட்டு இருந்துது. அர்த்தநாரி முட்டிக்கால் போட்டு உக்காந்து புலியப் பார்த்தான். இத்தன நாளா அவன் பார்த்ததெல்லாம் புலியோட கோடு. புலிய இப்பத்தான் பார்த்தான்.

புலி எந்திரிச்சுத் தண்ணியக் குடிச்சுட்டு ஒடம்ப உதறுச்சு. அது படுத்திருந்த எடத்துல நாலஞ்சு வரி உதிர்ந்து கெடந்துது. கருப்பா, கரண்டிக் காம்பாட்ட. ஒரு மீசை முடியும் கெடந்துது.

"அக்கா, இது...?"

சுலோச்சனாக்கா எட்டிப் பார்த்துது. "உதிர்ந்தது. வேணும்னா எடுத்துக்க. வீட்டுல பூனை மயிரு கெடந்தாக்கூட நான் கூட்டித்தான் கொட்டறேன்."

அர்த்தநாரி வரிய எல்லாம் பொறுக்கி ஒரு தகர மூடியில வெச்சான். அப்பறம் போர் வண்டியச் சுத்தி ஒரு நடை நடந்தான். மண்ணத் தொளைக்கற அந்த நீளமான ராடு, அதுக்கு மேல கொக்கி, பக்கத்துல சேறு தெறிக்காம இருக்க மாட்டின தகடு எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தான். ரெண்டாவது நடையில நின்னான்.

"ஏனுங்க்கா, புலி என்னிக்காச்சும் குழி தோண்டியிருக்குதா?"

"அதுக்கெதுக்கு அந்தத் தலையெழுத்து?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

தின்னர்ல துணிய நனைச்சு, புலியோட கண்ணத் தொடச்சான். தகடு மூடிக்கிச்சு. புலிக்கு நீலம் போச்சு, முறுக்குன மீசை எறங்குச்சு, கழுத்து நேராச்சு. அது அவனைத் திரும்பிப் பாக்காம பைபாஸ்ல ஏறிப் போயிருச்சு. கூலிங் கிளாஸ் மட்டும் அங்கயே கெடந்துது. அர்த்தநாரி அதை எடுத்து மாட்டிக்கிட்டு வேலைய ஆரம்பிச்சான்.

சுலோச்சனாக்கா மொபெட்ட எடுத்துது. "நாளன்னிக்குப் பூஜை. என்ன வரையப் போற?"

"நாளன்னிக்கு வந்து பாருங்க்கா. உங்க புலி மறுக்கா எறங்கி வந்துதுன்னா, நானே நேரா எங்க மாமன் பண்ணைக்குப் போயி முட்டை மேல உக்காந்துக்கறேன். கோழிக்கு லீவு குடுத்துருங்க."

வெள்ளிக்கெழம காலையில செங்கோடண்ணன் புது வேட்டி கட்டிட்டு வந்தார். கூடவே போர் வண்டி ஆளுங்க, பக்கத்துப் பட்டறைக்காரங்க, பூசணிக்கா, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வந்துது. மாமனும் வந்திருந்தார். ஒரு பார்வை பார்த்துட்டு ஒதுங்கி நின்னுக்கிட்டார். அர்த்தநாரி தகட்டு மேல போட்டிருந்த துணிய இழுத்தான்.

தகட்டுல ஒரு பெருச்சாளி. லாரி டயரளவுக்கு. பின்னங்கால்ல நின்னு, முன்னங்கையில மண்ண அள்ளித் தோளுக்குப் பின்னால வீசிக்கிட்டு இருந்துது. முதுகுல நாலஞ்சு வரி, புலியோடது. ஒரு பக்கத்து மீசையில ஒரு முடி மட்டும் நீளமா, வெள்ளையா. கண்ணுக்கு மட்டும் இன்னும் கருப்பு வெக்கல.

செங்கோடண்ணன் வேட்டிய மடிச்சுக் கட்டினார். "தம்பி, நான் கேட்டது புலி."

"ஆமாங்ணா."

"இது எலி."

"பெருச்சாளிங்ணா. எலியோட பெரியப்பன்."

"என்ற வண்டிக்கு எதுக்குடா பெருச்சாளி?"

"அண்ணா, நீங்க போர் போடறவங்க. புலி என்னிக்கு மண்ணுல மூக்க வெச்சுது? அது பாட்டுக்குத் தகட்டுல உக்காந்துட்டு, நீங்க முன்னூறடி எறங்கறத வேடிக்க பார்க்கும். இவரு அப்படியா? பொறந்ததுல இருந்து போர் வண்டிதான். இன்னொண்ணு சொல்றேன், பூஜை எடத்துல நின்னு சொல்றேன். பிள்ளையாரு இத்தன வருசமா எந்த வண்டியில போறார்? புலியிலயா? எந்த வேலையும் மொதல்ல அவரக் கும்புட்டுத்தான தொடங்கறீங்க? அவரு வண்டியவே உங்க வண்டியில ஏத்தியிருக்கறேன். வேண்டாம்னா சொல்லுங்க, எறக்கிடறேன். அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க."

போர் வண்டி ஆளுங்கள்ல ரெண்டு பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. செங்கோடண்ணன் மடிச்ச வேட்டிய எறக்கி விட்டார்.

"வாயி நல்லாத்தான் இருக்குது. கண்ணத் திற. எது வருதுன்னு பாக்கலாம்."

அப்பத்தான் சுலோச்சனாக்கா வந்துது. போன் ஸ்பீக்கர்ல. நாச்சிமுத்து நாக்பூர் பக்கம் லாரிய நிறுத்திட்டு, பின்பலகைக்கு முன்னால ஒரு கல்லு மேல உக்காந்து புலியப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

சுலோச்சனாக்கா தகட்டக் கிட்டப் போயிப் பார்த்துது. வரியத் தொட்டுச்சு. மூஞ்சியப் பார்த்துது. "பார்வை என்ற புலியோடது மாதிரி இருக்குது தம்பி."

"அங்க இருந்துதான் எடுத்தேன்க்கா. ஆனா அந்தப் பார்வை இல்ல. கண்ணு வெச்சதும் தெரியும்."

"என்ற புலி எந்திரிச்சுதுன்னா?"

"எந்திரிச்சா நான் புடுங்குனவன். இல்லைன்னா பொறுக்குனவன்."

பிரஷ்ஷ எடுத்தான். எடது கண்ணுக்குக் கருப்பு வெச்சான்.

"அக்கா, புலி காதத் தூக்குதுங்"ன்னார் நாச்சிமுத்து.

மாமன் செருப்ப மாட்டிக்கிட்டார்.

"நிறுத்திக்கறியா தம்பி?"ன்னு கேட்டுது சுலோச்சனாக்கா.

"அரைக்கண்ணோட அனுப்புனா பெருச்சாளி ரோட்ட எப்படிக் கடக்கும்?" வலது கண்ணுக்கும் வெச்சான்.

"எந்திரிக்குதுங்க்கா." போன்ல லாரி போற சத்தம். "எந்திரிச்சு நிக்குது. ஒரு காலப் பலகைக்கு வெளிய வெச்சிருச்சுங்."

கற்பூரம் மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துது. செங்கோடண்ணன் பூசணிக்காயக் கீழ வெச்சார்.

"ஊஞ்சப்பாளையத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிப் பாக்குதுங். மோந்து பாக்குது." நாச்சிமுத்து குரலக் கொறைச்சார். "அக்கா, சிரிக்குதுங்க்கா."

"சிரிக்குதா?"

"மீசை ஆடுதுங். சோம்பல் முறிக்குது. கால உள்ள எடுத்துக்கிச்சு. தாடைய வெச்சுப் படுத்துருச்சுங். இப்பக் கண்ணையும் மூடிக்கிச்சு."

அர்த்தநாரி கால் பக்கத்துல தரை மேடாச்சு. சிமெண்டு வெடிச்சுது. வெடிப்புல இருந்து மூக்கு வந்துது, மீசை வந்துது, அப்பறம் டயரளவுக்கு ஒரு பெருச்சாளி மேல ஏறி வந்து, ஒடம்புல இருந்த மண்ண எல்லாரோட வேட்டி மேலயும் உதறுச்சு. முதுகுல நாலஞ்சு வரி. கூட்டத்த ஒரு சுத்து பார்த்துது. அது எடம் கெடைக்காதவன் பார்வை இல்ல. அழைப்பே இல்லாம வந்து, மொதப் பந்தியில நடு எலையில உக்காந்து, பாயசத்த ரெண்டாந்தரம் கேட்டவன் பார்வை. பார்த்துட்டு ஒரே எட்டுல தகட்டுக்குள்ள போயி மண்ண அள்ளுன கையோட நின்னுக்கிச்சு.

சுலோச்சனாக்கா சிரிச்சுது. "என்ற கொழுந்தனாரு இப்ப இப்படித்தான் பாக்கறார்."

"அப்ப அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க்கா."

"அவருக்கெங்க நேரம்? இன்னிக்கு மூணு முகூர்த்தம்." போன இடுப்புல சொருகுச்சு. மொபெட்டக் கெளப்பறதுக்கு முன்ன ஒருக்கா திரும்பித் தகட்டப் பார்த்துது. "வால் நீளமா இருக்குது. ஆனா அது உன்ற தப்பு, நீயே வெச்சுக்க."

செங்கோடண்ணன் பெருச்சாளிய மேலயும் கீழயும் பார்த்தார். "இது என்ன திங்கும்?"

"மண்ணுதாங்ணா. நீங்க தோண்டறதுலயே கெடைச்சுரும்."

"நம்மாளுங்களவிட இது பரவால்ல"ன்னார். பூசணிக்காய ஒடைச்சாங்க. எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு வண்டி ஒடிசாவுக்குக் கெளம்புச்சு. மாமன் கொட்டாய்த் தரையில விழுந்த குழிய எட்டிப் பார்த்து, ஆழத்துக்கு ஒரு கல்லப் போட்டுக் காது வெச்சுக் கேட்டுட்டு, சத்தம் வராததுனால வீட்டுக்குப் போயிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலமே நாலு போர் வண்டிக்காரங்க அர்த்தநாரி ஆர்ட்சுக்கு வந்தாங்க. எல்லாருக்கும் பெருச்சாளி வேணும்.

"அது மாதிரியா, அதேவா?"ன்னு கேட்டான் அர்த்தநாரி.

"அதே."

"அது ஒடிசா போயிருச்சுங். ஒருத்தருக்கு ஒருக்காத்தான். உக்காருங்க. நீங்க எந்தப் பக்கம் போர் போடறீங்க, பாறையா மண்ணா, ராத்திரி கொறட்டை விடுவீங்களான்னு சொல்லுங்க. உங்களுக்குன்னு வேற ஒருத்தர வரவெக்கறேன்."

ரெண்டு பேரு எந்திரிச்சுப் போனாங்க. ரெண்டு பேரு உக்காந்தாங்க. அதுல ஒருத்தருக்கு எறும்புத்தின்னி வந்துது. இன்னொருத்தருக்கு மண்புழு வந்துது. மண்புழுவுக்குக் கண்ணு எங்கன்னு தெரியாம அர்த்தநாரி ரெண்டு முனையிலயும் வெச்சான்.

அடுத்த வாரம் ஒடிசாவுல இருந்து செங்கோடண்ணன் போன் பண்ணார். பின்னால மோட்டார் சத்தமே இல்ல.

"தம்பி, மொத பாயிண்ட்டுல ராடு எறக்குனோம். பெருச்சாளி தகட்டுல இருந்து குதிச்சு முன்னால போயிருச்சு. வெண்ணெயாட்ட எறங்குது. முன்னூறடியில ஒரு சத்தம் கேட்டு நிறுத்திட்டோம்."

"பாறைங்களாணா?"

"இல்ல. கீழ இருந்து ஒரு அம்மா, யாரு மேலன்னு கேக்குது. போர் போடறோம்ங்கன்னு சொன்னோம். சரி போடுங்க, கொஞ்சம் பொறுங்க, துணி காயப்போட்டிருக்கறேன், எடுத்துக்கறேன்னு சொல்லுது. அதான் என்ன பண்றதுன்னு உன்னக் கேக்கறேன்."

அர்த்தநாரி பிரஷ்ஷக் காதுல சொருகினான். "அங்க வெயிலா, மூட்டமான்னு கேட்டுப் பாருங்ணா."

செங்கோடண்ணன் குழிக்குள்ள குனிஞ்சு கேக்கறது போன்ல கேட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப வந்தார்.

"நல்ல வெயிலாமா."

"அப்ப சீக்கிரம் காஞ்சுரும்ங்ணா. டீ சாப்புடுங்க."

செங்கோடண்ணன் சரின்னார். பின்னால ஆளுங்க டம்ளர் எடுத்து வெக்கற சத்தம் கேட்டுது. கீழயும் ஒரு டம்ளர் குடுத்துவிடச் சொன்னார்.